எத்தனை அங்குலம் குதித்தார் என்பதோடு நிறுத்திவிட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் அணிகள் புதிய வீரர்களை வரிசைப்படி எடுத்துக்கொள்ளும் இளம் வீரர் தேர்வு நெருங்கும் காலத்தில் தங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் வெளிவரும் அறிமுகக் கட்டுரைகளைத் தவறாமல் படித்து வருகிறேன். கிரிக்கெட்டுக்கு ஒதுக்கியது போக மிஞ்சும் இடத்தில் கூடைப்பந்தைப் பற்றி இவ்வளவாவது எழுதுகிறீர்களே என்ற மகிழ்ச்சி எனக்கு உண்டு. எனினும், அண்மையில் பத்தொன்பது வயது இளைஞர் ஒருவரைப் பற்றி வெளியான கட்டுரை குறித்து ஒரு மாற்றுக் கருத்தைப் பதிவு செய்ய விரும்புகிறேன். அவருடைய உயரம், கைவிரிப்பு, குதி உயரம் எல்லாம் அங்குலக் கணக்கில் தரப்பட்டிருந்தன. ஆட்டம் இன்னும் பக்குவப்படவில்லை என்பது ஒரே வரியில் சொல்லப்பட்டு, கிரேக்க நட்சத்திரம் யானிஸ் அன்டெட்டோகும்போவை மனத்தில் வைத்து 'அடுத்த யானிஸ்' என்ற பட்டத்துடன் கட்டுரை முடிந்திருந்தது. அவர் எந்த வயதில் பந்தைக் கையில் எடுத்தார், அதன் பிறகு ஆண்டுக்கு ஆண்டு எதைக் கற்றுக்கொண்டார் என்ற விவரம் அதில் எங்கும் இல்லை. பக்குவப்படாத ஓர் இளைஞரின் எதிர்காலத்தைக் கணிக்க அந்த விவரமே முதன்மையானது என்பது என் கருத்து.

உடல் அளவுகள் வீண் என்று நான் சொல்ல வரவில்லை. தேர்வுக்கு முன்பாகச் சிகாகோவில் நடைபெறும் முகாமில் வீரர்களின் உயரம், எடை, கைவிரிப்பு, நின்றபடி கையை உயர்த்தினால் எட்டும் உயரம், ஓடிவந்து குதிக்கும் உயரம், குறுகிய தூர ஓட்டத்தின் வேகம் ஆகியவை அளக்கப்படுகின்றன. எந்தப் பயிற்சியாளராலும் ஒருவரை ஏழடி உயரத்துக்கு வளர்த்துவிட முடியாது என்பதால், அத்தகைய உடல்வாகு கொண்டவரை எடுக்க அணிகள் முந்திக்கொள்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆயினும், 2021 முகாமில் 48 அங்குலம், அதாவது ஏறத்தாழ 122 சென்டிமீட்டர், குதித்து அம்முகாமின் பழைய சாதனையை முறியடித்த கியான் ஜான்சன், அந்த ஆண்டுத் தேர்வில் 21-ஆவது இடத்தில்தான் எடுக்கப்பட்டார். லீக்கின் நட்சத்திரங்களில் ஒருவராக அவர் உயர்ந்துவிடவும் இல்லை. 2007-இல் கெவின் டுரான்ட் 185 பவுண்டு எடையைப் படுத்தபடி ஒரு தடவைகூடத் தூக்க முடியாமல் ஏளனத்துக்கு ஆளானார். அவரே இரண்டாவது வீரராகத் தேர்வாகி, 2014-இல் லீக்கின் மிக மதிப்புமிக்க வீரர் விருதையும் வென்றார்.

இதற்குக் காரணம் எளிமையானது. முகாமில் வீரர் எப்போது குதிக்க வேண்டும் என்பதை அவரே முடிவு செய்கிறார். ஆட்டத்திலோ அதைப் பந்தும் எதிராளியும் முடிவு செய்கிறார்கள். எதிரணி வீரரின் தோள் விலாவில் இடிக்கும்போது, ஓடிவர இடமில்லாத நெருக்கத்தில், பந்து வளையத்தில் பட்டுத் தெறிக்கும் திசையைக் கண நேரத்தில் கணித்து எழும்புவது வேறு விதமான ஆற்றல். ஒரு முறை குதித்து இறங்கிய உடனேயே மீண்டும் எழும்பும் வேகம் உயரமாகக் குதிப்பவர் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. ஆகவே, ஒருவரின் உடல்திறன் ஆட்டத்துக்கு உதவுகிறதா என்று அறிய விரும்புபவர், அவர் ஆடிய நிமிடங்களுக்கு எத்தனை பந்துகளைப் பறித்தார், எத்தனை எறிதல்களைத் தடுத்தார், எதிரணி வளையத்தின் கீழ் எத்தனை ரீபவுண்டுகளை, அதாவது கூடையாகாமல் தெறித்து விழும் பந்துகளை, எடுத்தார் என்று பார்ப்பது நல்லது. நாற்பது அங்குலம் குதிக்கும் ஒருவர் கல்லூரி ஆட்டங்களில் இந்த மூன்றிலும் வெறுங்கையோடு திரும்பினால், அந்தக் குதி உயரத்தைப் பயன்படுத்தும் வேளையை அவர் இன்னும் கண்டுகொள்ளவில்லை என்று பொருள்.

இனி, நான் முதன்மையானது என்று குறிப்பிட்ட விவரத்துக்கு வருகிறேன். டொராண்டோ ராப்டர்ஸ் அணி எடுத்த இரண்டு முடிவுகளை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டுகிறேன். 2014-இல் அந்த அணி பிரேசிலைச் சேர்ந்த பதினெட்டு வயது புரூனோ கபோக்லோவை 20-ஆவது இடத்தில் தேர்ந்தெடுத்து எல்லாரையும் வியப்பில் ஆழ்த்தியது. கைவிரிப்பு ஏழரை அடியைத் தாண்டும். தன் நாட்டு லீக்கிலேயே அதிகம் ஆடியிராதவர். தயாராகும் நிலையை எட்டவே அவருக்கு இரண்டு ஆண்டுகள் ஆகும், அதன் பிறகு தயாராக மேலும் இரண்டு ஆண்டுகள் ஆகும் என்ற பொருளில் தொலைக்காட்சி வர்ணனையாளர் ஃபிரான் ஃபிரஷில்லா அன்று சொன்ன கிண்டல் இன்றும் நினைவுகூரப்படுகிறது. இரண்டு ஆண்டுகள் கழித்து, அதே அணி கேமரூன் நாட்டைச் சேர்ந்த பாஸ்கல் சியாகத்தை 27-ஆவது இடத்தில் எடுத்தது. அவரும் பக்குவப்படாதவர் என்றே கருதப்பட்டார். இருவரும் அந்த அணியின் துணை அணியான ராப்டர்ஸ் 905-இல் ஒரே காலத்தில் ஆடினார்கள்; ஒரே பயிற்சிக்கூடமும் ஒரே ஆட்டமுறையும் இருவருக்கும் கிடைத்தன. சியாகம் 2017-இல் துணை அணிகள் ஆடும் லீக்கின் இறுதிச் சுற்றில் சிறந்த வீரராகத் தேர்வாகி, 2019-இல் என்பிஏவிலேயே மிக அதிகம் முன்னேறிய வீரர் விருதைப் பெற்று, அதே ஆண்டு ராப்டர்ஸ் வென்ற கோப்பையில் பெரும்பங்கும் ஆற்றினார். கபோக்லோ நான்கு சீசன்களில் மிகச் சில ஆட்டங்களில் மட்டுமே களமிறக்கப்பட்டு, 2018 தொடக்கத்தில் வேறு அணிக்கு மாற்றப்பட்டார்.

தேர்வு நாளன்றே இந்த வேறுபாட்டைக் காண முடிந்திருக்குமா என்பதே கேள்வி. முழுமையாக முடியாது, ஆனால் ஓரளவு முடிந்திருக்கும். சியாகம் பாதிரியார் பயிற்சிக்கான பள்ளியில் படித்தவர். கூடைப்பந்தை ஒழுங்காக ஆடத் தொடங்கியதே பதினேழு வயதை ஒட்டித்தான். அதன் பிறகு நியூ மெக்சிகோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்காக ஆடிய முதல் ஆண்டில் ஆட்டத்துக்கு 12.8 புள்ளிகள் எடுத்தவர், அடுத்த ஆண்டில் 20.3 புள்ளிகளும் 11.6 ரீபவுண்டுகளும் எடுத்தார். அதாவது, குறைந்த ஆண்டுகளே ஆடியிருந்தபோதிலும் அந்த ஆண்டுகள் ஒவ்வொன்றிலும் அவர் ஏறிக்கொண்டே இருந்தார் என்பதற்கு எழுத்துப்பூர்வமான சான்று இருந்தது. கபோக்லோவைப் பொறுத்தவரை அத்தகைய சான்றே இல்லை. இளம் வயதும் நீண்ட கைகளும் மட்டுமே இருந்தன. தேர்வின்போது சியாகத்துக்கு இருபத்திரண்டு வயது என்பதால் பல அணிகள் அவரைத் தாண்டிச் சென்றன. பிறந்த தேதியைக் கொண்டு கணக்கிட்டால் அவர் கபோக்லோவைவிட முதிர்ந்தவராகத் தேர்வுக்கு வந்தவர். ஆட்டத்தில் கழித்த ஆண்டுகளைக் கொண்டு பார்த்தால் அவர் அப்போதுதான் அரிச்சுவடி முடித்திருந்தார்.

நைஜீரியாவின் ஹக்கீம் ஒலாஜுவானும் கேமரூனின் ஜோயல் எம்பீடும் பதின்ம வயதின் நடுவில்தான் கூடைப்பந்துக்கு வந்தார்கள். முன்னவர் கால்பந்தும், கையால் பந்தை வலைக்குள் எறியும் ஹேண்ட்பாலும் ஆடியவர். பின்னவர் வாலிபாலில் நாட்டம் கொண்டிருந்தவர். 1984-இல் முதல் வீரராகத் தேர்வான ஒலாஜுவானின் காலசைவுகளும், 2014-இல் மூன்றாவதாகத் தேர்வான எம்பீடின் நுணுக்கமும் பிறகு பெரிதும் பேசப்பட்டன. வேறு ஆட்டத்தில் ஊறிய உடல், புதிய ஆட்டத்தைத் தாமதமாகத் தொடங்கினாலும் வேகமாகக் கற்கக்கூடும் என்பதற்கு இவர்கள் சான்று. எட்டு வயதிலிருந்து முறையான பயிற்சி பெற்று, பத்தொன்பதிலும் இடக்கையால் பந்தைத் தட்டிச் செல்லத் தடுமாறும் ஒருவரையும், மூன்றே ஆண்டுகள் ஆடிய நிலையில் அதே தடுமாற்றம் உள்ள ஒருவரையும் 'பக்குவப்படாதவர்' என்ற ஒரே பட்டியலில் நமது பத்திரிகைகள் அடைத்துவிடுகின்றன. முதலாமவரிடம் அது பெரும்பாலும் வேரூன்றிய குறை. இரண்டாமவரிடம் இன்னும் நடத்தப்படாத பாடம்.

கற்கும் வேகத்தை எண்களில் மட்டும் காண இயலாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கல்லூரி சீசன் நவம்பரில் தொடங்கி மார்ச்சில் உச்சத்தை எட்டுகிறது. நவம்பரில் ஓர் இளைஞர் தடுப்பாட்டத்தில் தம் ஆளை விட்டுவிட்டுப் பந்தையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கலாம். பின்னால் நழுவிச் சென்றவர் எளிதாகக் கூடை போட்டிருக்கலாம். பிப்ரவரியிலும் அதே தவற்றை அதே விதமாகச் செய்கிறாரா, அல்லது இப்போது தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சற்றுத் தாமதமாக நகர்கிறாரா? இரண்டு வேளையிலும் எதிரணிக்கு இரண்டு புள்ளிகள்தான் கிடைத்திருக்கும். புள்ளிவிவரத் தாளில் எந்த மாற்றமும் தெரியாது. ஆனால் இரண்டாவது வகைத் தவறு மிக நல்ல செய்தி. பழைய தவறு போய்ப் புதிய தவறு வந்திருப்பதை நான் பெரிதாக மதிப்பேன். அணிகளுக்காக வீரர்களைத் தேடிப் பார்க்கும் நல்ல ஸ்கவுட்டுகள் ஒரே வீரரை ஒரே சீசனில் பல தடவை நேரில் சென்று பார்ப்பது இதற்காகத்தான். ஆளில்லா அரங்கில் பயிற்சியாளர் பந்தை எடுத்துக் கொடுக்க, வீரர் வரிசையாகக் கூடை போடும் தனிப்பயிற்சிக் காட்சிகளால் இதை ஒருபோதும் அறிய முடியாது. 2007-இல் சீனாவின் யி ஜியான்லியன் ஒரு நாற்காலியை எதிராளியாக வைத்துத் தம் திறமையைக் காட்டினார் என்று இன்றுவரை பேசப்படுவதும் இந்தக் குறையைச் சுட்டத்தான்.

எறிதிறனைப் பற்றியும் தங்கள் கட்டுரையில் ஒரு முடிவு சொல்லப்பட்டிருந்தது. மூன்று புள்ளி எறிதல்களில் முப்பது விழுக்காடே கூடையானதால் அவருக்கு எறிதல் கைவராது என்று எழுதப்பட்டிருந்தது. ஒரு கல்லூரி சீசனில் முப்பது, முப்பத்தைந்து ஆட்டங்கள். ஆட்டத்துக்கு மூன்று எறிதல்கள் என்றால் மொத்தம் நூறை ஒட்டி வரும். நூறு எறிதல்களில் முப்பது கூடையாவதற்கும் முப்பத்தைந்து கூடையாவதற்கும் உள்ள வேறுபாடு தற்செயலாகவே நேரக்கூடியது. அதனால்தான் எதிரணி விதி மீறும்போது கிடைக்கும் தடையற்ற எறிதலான ஃப்ரீ த்ரோவைக் கணிப்பாளர்கள் உற்று நோக்குகிறார்கள்: அங்கே தூரம் மாறுவதில்லை, தடுப்பார் யாரும் இல்லை, வீரரின் கையில் உள்ள மென்மை மட்டுமே வெளிப்படுகிறது. கவாய் லெனார்ட் சான் டியேகோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் தம் கடைசி சீசனில் மூன்று புள்ளி எறிதல்களில் 29 விழுக்காட்டையே எட்டினார். ஃப்ரீ த்ரோவிலோ ஏறத்தாழ 76 விழுக்காடு. 2011-இல் 15-ஆவது இடத்தில் தேர்வாகி அன்றே சான் அன்டோனியோ அணிக்கு மாற்றப்பட்ட அவர், எறிதல் பயிற்சியாளர் சிப் எங்கெலண்டின் வழிகாட்டுதலில் கையமைப்பைச் சீர்செய்து, முதல் சீசனிலேயே மூன்று புள்ளி எறிதல்களில் 37 விழுக்காட்டைத் தாண்டினார். அதே ஆண்டு அவருக்கு முன்பாக ஆறாவது இடத்தில் வாஷிங்டன் எடுத்த செக் நாட்டு யான் வெஸ்லி, பறந்து சென்று பந்தை வளையத்துக்குள் அழுத்தும் காட்சிகளால் புகழ்பெற்றவர். என்பிஏவில் ஆடிய காலம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் அவருடைய ஃப்ரீ த்ரோக்களில் பாதிகூடக் கூடையாகவில்லை.

இந்த அளவுகோலும் சில வேளைகளில் பொய்க்கும். ஜேலன் பிரவுன் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஃப்ரீ த்ரோவில் 65 விழுக்காட்டையும் மூன்று புள்ளி எறிதலில் 29 விழுக்காட்டையும் மட்டுமே எட்டியவர். 2016-இல் பாஸ்டன் அவரை மூன்றாவது இடத்தில் எடுத்தபோது முணுமுணுத்தவர்கள் உண்டு. 2024-இல் இறுதிச் சுற்றின் சிறந்த வீரர் விருது அவருக்கே கிடைத்தது. ஆண்ட்ரே டிரம்மண்ட் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் ஃப்ரீ த்ரோக்களில் மூன்றில் ஒரு பங்கைக்கூடக் கூடையாக்காதவர். என்பிஏவுக்கு வந்த பிறகும் 2015-16 சீசனில் 35.5 விழுக்காட்டோடு நின்றார். ஆயினும் நான்கு சீசன்களில் லீக்கிலேயே அதிக ரீபவுண்டுகளை எடுத்தவர் அவர். கை பழகாது என்பதைச் சரியாகக் கணித்தவர்கள், பந்து விழும் இடத்தை மோப்பம் பிடிக்கும் அவருடைய திறனுக்குக் குறைந்த மதிப்பே போட்டார்கள். எறிதல் வராவிட்டால் ஒருவரிடம் வேறு எதுவும் இல்லை என்று முடிவு கட்டுவதும் அவசரமே.

வீரரைப் பற்றிய கணிப்பு அவர் சேரும் அணியைப் பற்றிய கணிப்பும் ஆகும் என்பதைத் தங்கள் கட்டுரை தொடவே இல்லை. யானிஸ் அன்டெட்டோகும்போவின் பெயரை எடுத்தாளும் கட்டுரைகள் அவருடைய நெடிய கைகளை மட்டும் நினைவில் வைத்திருக்கின்றன. 2013-இல் கிரேக்கத்தின் இரண்டாம் நிலை லீக்கிலிருந்து வந்து 15-ஆவது இடத்தில் தேர்வான அந்தப் பதினெட்டு வயது இளைஞர், முதல் சீசனில் ஆட்டத்துக்கு 6.8 புள்ளிகளே எடுத்தார். ஆனால் 77 ஆட்டங்களில் களமிறங்கினார். அவரைத் தேர்ந்தெடுத்த மில்வாக்கி அந்த சீசனில் 15 ஆட்டங்களில் வென்று 67-இல் தோற்ற, லீக்கின் கடைசி அணி. தவறு செய்து கற்க அவருக்கு நிமிடங்களை வாரி வழங்கினாலும் இழப்பதற்கு அந்த அணியிடம் ஒன்றும் இருக்கவில்லை. பின்னர் ஜேசன் கிட் பயிற்சியாளராக இருந்தபோது, அவ்வளவு உயரமான வீரரிடம் பந்தைக் கொடுத்து ஆட்டத்தை நடத்தச் சொன்ன துணிவும் சேர்ந்துகொண்டது. கோப்பைக்குப் போட்டியிடும் அணி ஒன்றில் அவர் இருக்கையில் அமர்ந்தபடியே அந்த ஆண்டுகளைக் கழித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நாம் அறியப்போவதில்லை.

ஒப்பந்த விதிகளும் பொறுமைக்கு எல்லை வகுக்கின்றன. முதல் சுற்றில் தேர்வாகும் வீரருக்கு முதல் இரண்டு ஆண்டுகளே உறுதி. மூன்றாம், நான்காம் ஆண்டுகள் அணியின் விருப்பம். மூன்றாம் ஆண்டைப் பற்றிய முடிவையே வீரர் ஒரு சீசன் ஆடி முடித்த நிலையில், இரண்டாவது சீசன் தொடங்கிய சில நாள்களுக்குள் எடுத்துவிட வேண்டும். ஆகவே, ஆறு ஆண்டுகளில் முழுமை பெறக்கூடிய இளைஞரைத் தேர்ந்தெடுக்கும் அணி, பெரும்பாலும் வேறோர் அணிக்காக அவரை வளர்த்துக் கொடுக்கிறது, அல்லது அரைகுறைச் சான்றை நம்பிப் பெரும் பணத்தை இறக்குகிறது. மில்வாக்கி 2016-இல் யானிஸுடன் நான்கு ஆண்டுகளுக்கு 10 கோடி டாலர் ஒப்பந்தம் செய்தது. அப்போது அவருடைய சராசரி 16.9 புள்ளிகள்தான். அது பலித்தது. வெஸ்லியின் நான்காம் ஆண்டை வாஷிங்டன் வேண்டாம் என்றது. அவர் ஐரோப்பா திரும்பி ஃபெனர்பாச்சே அணியுடன் 2017-இல் யூரோலீக் கோப்பையையும், 2019-இல் அந்த லீக்கின் மிக மதிப்புமிக்க வீரர் விருதையும் வென்றார். மேலே குறிப்பிட்ட கபோக்லோ 2024 பாரிஸ் ஒலிம்பிக் காலிறுதியில் அமெரிக்காவுக்கு எதிராக 30 புள்ளிகள் எடுத்தார். தேர்வாகிப் பத்து ஆண்டுகளுக்குப் பிறகு! அவரிடம் ஏதோ இருந்தது என்று 2014-இல் நினைத்தவர்கள் முற்றிலும் தவறிவிடவில்லை. அது வெளிப்படுவதற்குத் தேவைப்பட்ட காலத்தை எந்த என்பிஏ ஒப்பந்தமும் தாங்காது, அவ்வளவுதான்.

தேர்வு வரிசை எண்ணுக்கு நாம் கொடுக்கும் மரியாதையைப் பற்றியும் ஒரு சொல். யானிஸ் 15-ஆவதாகத் தேர்வான அதே 2013-இல் முதலாவதாகத் தேர்வான அந்தோணி பென்னட், முதல் சீசனில் 4.2 புள்ளிகள் எடுத்து, நான்கு சீசன்களுக்குள் என்பிஏவிலிருந்து வெளியேறினார். 2015-இல் 52-ஆவது இடத்தில் டல்லாஸ் தேர்ந்தெடுத்த, ஏழடி இரண்டு அங்குல உயரமுள்ள சத்னாம் சிங் தேர்வான முதல் இந்தியர் என்று நாம் கொண்டாடினோம்; இரண்டாம் சுற்றுத் தேர்வுக்கு உறுதியான ஒப்பந்தம் கிடையாது என்பது அந்தக் கொண்டாட்டத்தில் பலருக்குத் தெரியவில்லை. அவர் என்பிஏ ஆட்டம் எதிலும் களமிறங்கவில்லை. அதில் ஏமாற்றம் அடைந்த வாசகர்களில் பெரும்பாலோர், தேர்வு என்பதற்கு உண்மையான பொருள் என்ன என்று முன்கூட்டியே சொல்லப்படாதவர்கள்.

ஆகவே, இனி வரும் அறிமுகக் கட்டுரைகளில் நட்சத்திரங்களுடனான ஒப்பீட்டுக்குச் செலவிடும் இடத்தில், அந்த இளைஞர் எத்தனை ஆண்டுகளாக ஆடுகிறார், சென்ற ஆண்டைவிட இந்த ஆண்டு எது மாறியது, ஃப்ரீ த்ரோ எப்படி, எடுக்கக்கூடிய அணிகளில் அவருக்கு நிமிடங்கள் கிடைக்குமா என்பவற்றை எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன். மேலும் ஒரு வேண்டுகோள். தேர்வான நான்காம் ஆண்டில், அதாவது முதல் ஒப்பந்தம் முடியும் தறுவாயில், அந்த வீரரைப் பற்றித் தங்கள் நாளிதழ் அன்று எழுதிய கட்டுரையையும் அதுவரை அவர் ஆடிய ஆட்டத்தையும் அருகருகே வைத்து ஒரு மறுபார்வை வெளியிட்டால் நன்றாக இருக்கும். தற்போதைய கட்டுரைக்குரிய இளைஞரிலிருந்தே அதைத் தொடங்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் விளையாட்டுப் பக்கத்தின் நெடுநாள் வாசகர்